கருத்தாளர் வகுப்பில் வந்து உட்காரட்டும்

ஈராசிரியர் பள்ளியில் ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, சாப்பாட்டு நேரத்தையும் பார்த்துக்கொண்டு, நடுவில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகையையும் ஏற்றிவிட்டு, மீதமிருப்பவர் ஒற்றை ஆளாகச் சமாளிக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சிக்கு ஒரு கிராமத்துப் பிள்ளைகள் கொடுக்கும் விலை இது. அதனால்தான் தொழில்நுட்பப் பயிற்சிக்குப் போய் வந்த ஆசிரியர் யாரைப் பார்த்தாலும், மறுநாள் வகுப்பில் எதை மாற்றிச் செய்தீர்கள் என்று நான் கேட்டுவிடுகிறேன்.

கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். செயலியைப் பதிவிறக்கினோம், பாஸ்வேர்டு மாற்றினோம், ஓடிபி வரவில்லை, வந்ததும் உள்ளே போனோம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டோம். நடுநிலைப் பள்ளி அறிவியல் டீச்சர் ஒருவர் பயிற்சியில் எழுந்து, “சார், இதை எந்தப் பாடத்துக்கு எப்படி வைத்துக்கொள்வது?” என்று கேட்டிருக்கிறார். “அது அடுத்த கட்டப் பயிற்சியில் வரும், டீச்சர்” என்றாராம் கருத்தாளர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்ததும் ஒரு நாள்தான். மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம் என்று படி இறங்கி வருவதற்குள் ‘எதற்காக’ என்பது வழியிலேயே நின்றுவிடுகிறது. ‘எப்படி அழுத்துவது’ மட்டும் ஊர் வந்து சேர்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாதனங்கள் இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். 2023இல் மணற்கேணி செயலி. 2024இல் அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்குக் கையடக்கக் கணினி, அதோடு ஸ்மார்ட் வகுப்பறைகள். இவ்வளவும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான், இவற்றைக் கையில் வாங்கிய ஆசிரியருக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றும் சொல்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு பாடத்தை வைத்தே சொல்லிவிடலாம். மின்சுற்று. ஒரு மின்கலம், அதோடு ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரிணைப்பில். எது பிரகாசமாக எரியும் என்று கேட்டால், மின்கலத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்று பாதி வகுப்பு கை தூக்கும். முதல் பல்பு கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது பிள்ளைகளின் கணக்கு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். அறிவியல் கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் பலமுறை பதிவு செய்த தவறு இது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற இலவசப் பாவனைத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பாவனைச் சுற்று இருக்கிறது. கம்பியை இழுத்துப் பொருத்தலாம், எலக்ட்ரான்கள் ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு முறை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம்.

இதை இரண்டு விதமாக நடத்தலாம். ஸ்மார்ட் போர்டில் ஓடவிட்டு, “பார்த்தீங்களா, ரெண்டும் ஒரே மாதிரி எரியுது” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். பிள்ளைகள் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், பழைய எண்ணத்தோடேயே வீட்டுக்குப் போவார்கள். இல்லையென்றால், சுற்றை வரைந்து காட்டி ஸ்விட்சைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுதச் சொல்லலாம். ஏன் அப்படி என்று பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்லலாம். குரல்கள் உயர்ந்து, வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்த பிறகு ஸ்விட்சை மூடலாம். அந்த நொடியில் தோற்ற கட்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும். “திரையில ஏமாத்துறாங்க டீச்சர்” என்று ஒருவன் நிச்சயம் சொல்வான். சொல்ல வேண்டும். அப்போது மேசை டிராயரிலிருந்து டார்ச் பல்பும் மின்கலமும் கம்பியும் எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஸ்விட்சை எப்போது மூடுவது, திரையை எப்போது அணைப்பது என்பதுதான் ஆசிரியரின் கலை. எந்தச் செயலியின் கையேட்டிலும் அது இருக்காது. பாடத்தைத் தெரிந்துகொள்வது ஒன்று, கற்பிக்கத் தெரிவது ஒன்று, கருவியைக் கையாளத் தெரிவது ஒன்று. மூன்றும் கலக்கும் இடத்தில்தான் உண்மையான தேர்ச்சி இருக்கிறது என்று 2006இல் புண்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் எழுதினார்கள். நம் பயிற்சிகள் மூன்றாவதை மட்டும் தனியே எடுத்து, அறிவியல் டீச்சர், தமிழய்யா, உடற்கல்வி சார் எல்லோரையும் ஒரே ஹாலில் வைத்து நடத்துகின்றன.

கருவி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண்கள் உயர்ந்ததற்குத் தடயமே இல்லை.

நமக்கு வழி தெரியாமலும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிக்கு அனுப்பினார். பிள்ளைகள் தாங்களே அட்டை எடுத்துப் படிக்கும் வகுப்பை அவர்கள் நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள். திரும்பி வந்து தமிழில் அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். முதலில் 13 பள்ளிகள். சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க. அது பரவிய வேகத்தில் பல இடங்களில் வெறும் சடங்காகிப் போனது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதற்கு உயிர் கொடுத்தது, இன்னொரு ஆசிரியரின் வகுப்பைக் கண்ணால் பார்த்த ஆசிரியர்கள்தான்.

பக்கத்து கேரளத்தில் 2001இலேயே ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே தலைமைப் பயிற்றுநர்களை எடுத்தார்கள். கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தினார்கள். 2024 மே மாதம், கோடை விடுமுறையில், 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்று தொடங்கியபோது, 25 பேர் கொண்ட குழுக்களாக, மூன்று நாள் நடத்தினார்கள். 25 என்ற அந்த எண் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 25 பேர் என்றால் எல்லோருடைய திரையையும் ஒருவர் குனிந்து பார்க்க முடியும். விடுமுறையில் என்றால் எந்த ஈராசிரியர் பள்ளியும் தவிக்க வேண்டாம். அதற்கு ஈடாக ஈட்டிய விடுப்பைத் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்குள்ள மற்ற வழக்குகள் ஒருபுறம் இருக்கட்டும். மணிக்கணக்கை மட்டும் எண்ணினால், அடுப்படியில் காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழ் இறக்கிக்கொள்வதில்தான் முடியும். ஆசிரியர்களின் சோம்பேறித்தனம் என்று இதை நான் நினைக்கவில்லை. பள்ளி நேரம் முழுக்க அதே கையடக்கக் கணினியில் விவரம் ஏற்றிக் களைத்தவர்களுக்கு, சாயங்காலம் அதே திரையைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? கற்பிக்கக் கொடுத்த கருவியை முதலில் கணக்கெழுதும் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும்.

வகுப்பறைக்கே வந்து உடனிருந்து உதவினால்தான் பயிற்சியில் கற்றது வகுப்பில் நிலைக்கும் என்று புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே சொல்லிவிட்டார்கள். நம்மிடம் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். படிவம் சேகரிக்கவும் புள்ளிவிவரம் வாங்கவும் அலையும் அவர்களை, பயிற்சி முடிந்த வாரத்தில் டீச்சரின் வகுப்பில் ஒரு பாடவேளை பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம். மணி அடித்த பிறகு பத்து நிமிடம் பேசட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அந்த டீச்சரே அந்தப் பாடத்தை மற்றவர்களுக்கு நடத்திக் காட்டட்டும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே முறைதான் பொருந்தும். பிள்ளைகள் அம்மாவின் போனில் கட்டுரை எழுதி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியர் ஒதுங்கி நிற்க முடியாது. தமிழாசிரியர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஒரு குறுந்தொகைப் பாடல் கேட்டாராம். குறிஞ்சித்திணை, தோழி கூற்று, புலவர் பெயர் என்று எல்லாம் வரிசையாக வந்தது. பாடல் மட்டும் குறுந்தொகையில் இல்லை. அசை பிரித்துப் பார்த்து, சீர் சரியில்லை, இந்தச் சொல் சங்க காலத்துச் சொல்லே இல்லை என்று காரணங்களோடு அவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். பிறகு அச்சான பதிப்பை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, உண்மையான பாடலைத் தேடச் சொன்னார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு பற்றிய அடுத்த பயிற்சிக்கு அவரைத்தான் கருத்தாளராக அழைக்க வேண்டும்.