ரக்கட் லேப்டாப்: அடுத்த வெர்ஷன் வரட்டும்னு காத்திருக்கணுமா?

போன வாரம் நம்ம கள்ளக்குறிச்சி ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்திருந்தார். வயசு 26, கையில வர்ற சம்பளம் 34,000. தனியார் நிறுவனத்துல சர்வே வேலை. வாரத்துல நாலு நாள் கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை மேலதான் இருப்பார். ரிட்டர்ன் வேலை முடிஞ்சு கிளம்பும்போது கேட்டார்: "சார், பானசோனிக் டஃப்புக் மாதிரி ஒண்ணு இஎம்ஐ-ல போடலாமா? இல்ல அடுத்த வெர்ஷன் வரட்டும்னு வெயிட் பண்ணவா?"

எனக்குச் சிரிப்பு வரல. மூணு வருஷம் முன்னாடி ஒரு டிரஸ்ட் ஆடிட்டுக்காக வெள்ளிமலைக்கு பைக்ல போனேன். ஐப்பசி மழை. பேக் வாட்டர்ப்ரூஃப்னு நம்பினேன், ஜிப் வழியா தண்ணி இறங்கிடுச்சு. மதர்போர்டு மாத்த 31,000 ஆகும்னு சொன்னாங்க. பணத்தை விடுங்க, பேக்கப் எடுக்காத மூணு நாள் என்ட்ரியை உட்கார்ந்து மறுபடி போட்டது இன்னும் மறக்கல. (ஊருக்கெல்லாம் பேக்கப் எடுங்கன்னு சொல்ற ஆள் நான்!)

அதனால ஆசை புரியுது. ஆனா கணக்கைப் பார்ப்போம்.

டஃப்புக் 1996-லிருந்தே வர்ற குடும்பம். 2022-ல வந்த டஃப்புக் 40-க்கு ஐபி66 தரம். அதாவது தூசி உள்ளே போகாது, பீய்ச்சி அடிக்கிற தண்ணியையும் தாங்கும். வெயில்லயும் படிக்கிற அளவு பிரகாசமான திரை. பேட்டரி, கீபோர்டு, ஸ்டோரேஜ் எல்லாத்தையும் நாமே கழற்றி மாட்டலாம். எடை சுமார் மூணேகால் கிலோ. அமெரிக்காவுல ஆரம்ப விலை ஏறக்குறைய 4,900 டாலர். அன்னைக்கு மாற்று விகிதத்துல மூணே முக்கால் லட்சம். தம்பியோட பதினோரு மாசச் சம்பளம்.

ஏழு வருஷம் ஓடும்னு வெச்சாலும் வருஷத்துக்கு 53,000-க்கு மேல. 60,000 ரூபாய் சாதா லேப்டாப் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நனைஞ்சு செத்தாலும் வருஷத்துக்கு 30,000-தான். இதுல "நோ காஸ்ட் இஎம்ஐ"-ன்னு கார்டுல போட்டா, வட்டியைத் தள்ளுபடியா கொடுத்தாலும் அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான்.

சரி, அடுத்த வெர்ஷன்ல என்ன வரணும்? எல்லாரும் புது சிப், ஏஐ பட்டன் பத்திப் பேசுறாங்க. சர்வே பாயின்ட் ஏத்துறதுக்கும் எக்செல் ஷீட்டுக்கும் இப்ப இருக்கிற சிப்பே அதிகம். எனக்கு வேண்டியது வேற. எடை ரெண்டு கிலோவுக்குள்ள வரணும். பேட்டரியும் கீபோர்டும் எட்டு வருஷம் கழிச்சும் நியாயமான விலைக்குக் கிடைக்கணும், அதுவும் சேலம், விழுப்புரம் மாதிரி ஊர்லயே. முக்கியமா, ஒரு லட்சத்துக்குள்ள ஒரு நடுத்தர மாடல் வரணும். முழு ராணுவத் தரமெல்லாம் வேண்டாம், தூறலையும் தூசியையும் தாங்குற ஐபி53 போதும். அந்தத் தரத்துல 2019-லயே டஃப்புக் 55 வந்துடுச்சு. செய்ய முடியாத காரியம் இல்ல. ஆனா இந்த வகை மெஷின்களை கம்பெனிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும்தான் குறிவெச்சு விக்கிறாங்க, விலையும் அப்படித்தான் இருக்கு.

இந்த இடைவெளியிலதான் ஏமாறுறோம். கடையில 70,000 ரூபாய் லேப்டாப்ல "மில்-எஸ்டிடி-810ஹெச்" ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க. அது சோதனை முறைகளோட தொகுப்பு. எந்தச் சோதனையைச் செய்யணும்னு கம்பெனியே தேர்ந்தெடுக்கும். அந்த ஸ்டிக்கருக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். ஐபி எண் போட்டிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அதை சாதா லேப்டாப்னே எடுத்துக்கோங்க.

என்னோட நம்பிக்கை சாதா லேப்டாப் பக்கம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துல 2027 பிப்ரவரி 18-லிருந்து, இந்த மாதிரி சாதனங்களோட பேட்டரியைப் பயன்படுத்துறவரே கழற்றி மாத்துற மாதிரி இருக்கணும்னு சட்டம் வருது. அங்க விக்கிற டிசைன் இங்கயும் வரும்னு நினைக்கிறேன். பேட்டரி போச்சுன்னு மூணாவது வருஷமே மெஷினைத் தூக்கிப் போடறது குறையும்.

இப்ப தம்பி விஷயம். மலை மேல அலையறது யாரோட வேலை? கம்பெனியோடது. அப்புறம் மெஷினுக்கு ஏன் உங்க சம்பளம்? நீங்க சொந்தமா வாங்கினா சம்பள வருமானத்துல அதுக்கு ஒரு ரூபாய் கூட கழிவு கிடையாது. கம்பெனி வாங்கினா 40% தேய்மானம் கழிச்சுக்கும், ஜிஎஸ்டி-லயும் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். பயன்படுத்துற உங்களுக்கு பெர்க்விசிட் வரி பூஜ்யம், வீட்டு வேலைக்குப் பயன்படுத்தினாலும் சரி.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. கம்பெனி அந்தப் பழைய லேப்டாப்பை உங்களுக்கே கொடுத்தா, முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் மீதி மதிப்புல 50% கழிச்சுத்தான் கணக்கு. 3 லட்ச ரூபாய் மெஷின் நாலு வருஷம் முடிஞ்சா 18,750. நீங்க 10,000 கொடுத்து வாங்கினா, மீதி 8,750 மட்டும் சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வரும். அவ்வளவுதான். உறுதியான மெஷின், அதுக்குப் பிறகும் சில வருஷம் ஓடும்.

"கேட்டா கொடுப்பாங்களா சார்?"-ன்னார். போன ரெண்டு வருஷத்துல எத்தனை நாள் லேப்டாப் ரிப்பேர்னால சர்வே நின்னுச்சுன்னு தேதியோட எழுதுங்க, அந்த நாள் சம்பளத்தையும் வண்டி வாடகையையும் பக்கத்துல போடுங்க, மேனேஜருக்கு அதை அனுப்புங்கன்னேன். அங்கயே உட்கார்ந்து எண்ணினார். பதினேழு நாள் வந்துச்சு.

மெயில் போயிருக்கு. பதில் இன்னும் வரல. அதுவரைக்கும் 60,000 ரூபாய் லேப்டாப், விபத்துச் சேதத்துக்கான கவர், நல்ல ட்ரை பேக், தினமும் பென்டிரைவ்ல ஒரு பேக்கப். வெள்ளிமலையில சிக்னல் வரும்னு நம்பி கிளவுடை மட்டும் வெச்சுக்காதீங்கன்னும் சொல்லி அனுப்பினேன்.