மேடைக்கு அஞ்சிய ஆட்சி

வாளுக்கு அஞ்சாத வெள்ளை வல்லாண்மை நாடக மேடைக்கு அஞ்சிற்று. அவ்வச்சத்தின் வரலாறு தமிழர் அறியத்தக்கது.

1860-இல் வங்கத்துத் தீனபந்து மித்திரர், 'அவுரிக் கண்ணாடி' எனப் பொருள்படும் 'நீல் தர்ப்பண்' நாடகத்தை வெளியிட்டார். நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிடுமாறு உழவரை அடித்து ஒடுக்கிய வெள்ளை முதலாளிகளின் கொடுமையை அது காட்டிற்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட சேம்சு இலாங்குப் பாதிரியாருக்கு 1861-இல் ஒரு மாதச் சிறையும் 1,000 உருபா தண்டமும் விதிக்கப்பெற்றன. வெள்ளையராயினும் உண்மையின் பக்கம் நின்றமையே அவர் செய்த குற்றம்!

1875-ஆம் ஆண்டிறுதியில் ஆங்கில இளவரசர் கல்கத்தா வந்தார். சகதானந்த முகர்சி என்னும் வழக்கறிஞர் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, வீட்டுப் பெண்டிரைக் கொண்டு உள்மனையிலேயே வரவேற்பளித்தார். அரசுப்பற்று அந்த அளவிற்கு வளைந்தது! 1876 பிப்பிரவரியில் கல்கத்தா நாடக மன்றமொன்று அவ்வளைவை எள்ளி நாடகமாடிற்று. காவலர் தடுத்தனர், நாடகம் பெயர் மாறி மீண்டும் மேடையேறிற்று. அம்மாதம் 29-ஆம் நாளே அரசப்பேராளர் நார்த்துபுரூக்கு அவசரச் சட்டம் பிறப்பித்தார். நாடகக் குழுவின் உபேந்திரநாத் தாசும் அமிர்தலால் வசுவும் வேறொரு நாடகத்தைச் சாக்கிட்டுத் தண்டிக்கப்பெற்றனர். உயர்முறைமன்றமே அவர்களை விடுவித்தது. ஆயினும் ஆண்டு முடியுமுன் நாடகத் தடைச் சட்டம் நிலைபெற்றுவிட்டது.

படையால் வென்ற நாட்டைப் பணிவால் ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். பணிவோரைப் பார்த்து மக்கள் சிரிக்கத் தொடங்கின் ஆட்சியின் அடித்தளமே ஆடும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

1947-இல் வெள்ளையர் வெளியேறினர், சட்டம் வெளியேறவில்லை. 1954-இல் சென்னை மாநில அரசும் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிக் கொண்டது. நடிகவேள் எம்.ஆர். இராதாவின் இராமாயண நாடகத்தைக் குறிவைத்தே அது பிறந்தது என்பதை நாடறியும். அதன் முதன்மைப் பிரிவுகள் செல்லாவெனச் சென்னை உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது 2013-இல்! 1876-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பெற்றதோ 2018-இல்!

ஆள்வோர் மாறுவது மட்டும் அரசியல் சீர்திருத்தம் ஆகாது. அடக்கும் கருவியையும் உடன் ஒழித்தலே சீர்திருத்தம். ஆள்வோர்க்குத் தலைவணங்குவது பற்றன்று. அவர்தம் தவற்றை அவர் முன்னிலையிலேயே எடுத்துரைப்பதே நாட்டுப்பற்று. அப்பற்றை வளர்க்கும் மேடை எந்நாளும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். அதனைக் காப்பது மக்கள் கடன்!