மராட்டியர் வரலாறும் மதச் சாயமும்

மராட்டியர் வரலாறு என்றாலே அதை இந்து - முஸ்லிம் போர் என்று சித்திரிப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. இச்சித்திரம் பொய்யானது என்று நாம் துணிந்து கூறுவோம்.

1659இல் சிவாஜியைப் பணியவைக்க வந்தவர் பீஜப்பூர்த் தளபதி அப்சல் கான். அவருக்காகத் தூது சென்றவரோ கிருஷ்ணாஜி பாஸ்கர் என்னும் அந்தணர். 1665இல் சிவாஜியைப் புரந்தர் உடன்படிக்கைக்கு இணங்கவைத்த மொகலாயத் தளபதி, ராஜபுத்திரரான ஜெய்சிங். சிவாஜியின் கடற்படையை நடத்தியவர்களுள் ஒருவர் தௌலத் கான். 1761இல் பானிப்பட்டில் மராட்டியரின் பீரங்கிப் படைக்குத் தலைமை தாங்கி, அவர்களுக்காகவே உயிர் நீத்தவர் இப்ராஹீம் கான் கார்தி. இவர்களை எந்த மதத்தின் பாசறையில் நிறுத்துவது?

வரி கொடுத்தவனைக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும். வருவாயில் நான்கில் ஒரு பங்கைப் பறித்த 'சௌத்', உழவனின் மதத்தை விசாரித்து வாங்கப்பட்டதன்று. 1664இல் சூரத் சூறையாடப்பட்டபோது ஹாஜி ஜாஹித் பேக்கின் செல்வமும் போயிற்று. வீர்ஜி வோராவின் செல்வமும் போயிற்று. 1791இல் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டது மராட்டியப் படை. அம்மடம் மீண்டெழப் பொருளுதவி செய்தவர் திப்பு சுல்தான்.

மதம் அங்கே இல்லவே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. 1674இல் சிவாஜி வைதிகச் சடங்குகளோடு முடிசூடினார். 1679இல் அவுரங்கசீப் ஜிஸ்யா வரியை மீண்டும் விதித்தார். ஆயினும் வாள் சுழன்றது மண்ணுக்காகவும் வருவாய்க்காகவுமே.

நம்மவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பார் சிவாஜியை மத வீரராக்கினால், நாம் அவுரங்கசீபை மார்க்கக் காவலராக்கிப் பதிலடி தருவதா? 1686இல் பீஜப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் விழுங்கியவர் அவர். அவ்விரண்டும் முஸ்லிம் அரசுகளல்லவா? அவருடைய மகன் அக்பரே தந்தைக்கு அஞ்சி, 1681இல் சிவாஜியின் மைந்தர் சம்பாஜியிடம் அடைக்கலம் புகுந்தார். மன்னர்களின் வெற்றி தோல்விகளைச் சமுதாயத்தின் மானமாக நாம் ஏன் சுமக்க வேண்டும்?

காஃபீ கானைப் பாருங்கள். சிவாஜியைக் கடுமையாக ஏசிய வரலாற்றாசிரியர் அவர். ஆயினும், பள்ளிவாசல்களுக்கும் திருக்குர்ஆனுக்கும் பெண்களுக்கும் தீங்கு இழைக்கலாகாது என்று சிவாஜி தம் படையினருக்கு விதித்திருந்ததை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். பகைவனிடத்தும் நீதி தவறாமை என்பது இதுவன்றோ!

நாகூர் தர்காவின் மினாராக்களில் மிக உயர்ந்ததை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். நம் பிள்ளைகளை அதன் அடியில் நிறுத்தி, இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். வெறுப்பை விதைப்போருக்கு நாம் தரத்தக்க விடை மற்றொரு வெறுப்பு அன்று, முழு உண்மையே.