போறேன், போயிட்டிருக்கேன்

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள ஆசைப்படும் வாலிபர்களுக்கு ஒரு நல்ல சேதி. நிகழ்கால விஷயத்தில் அந்த பாஷை இங்கிலீஷைவிட நம்ம தமிழுக்குத்தான் நெருங்கின சொந்தம்.

இங்கிலீஷில் 'ஐ ஈட்' வேறு, 'ஐ ஆம் ஈட்டிங்' வேறு. மாற்றினால் கிராமர் வாத்தியார் முறைப்பார். ஸ்பானிஷ்காரர் 'கோமோ' என்பார்; அதாவது 'சாப்பிடறேன்'. தினசரி சாப்பிடுவதற்கும் அதுதான், இப்போது வாயில் இட்டிலி இருந்தாலும் அதுதான். (இட்டிலி நம்ம உபயம்.) 'சாப்ட்டுட்டிருக்கேன்யா, அப்புறம் வா' என்று அழுத்தணுமா? 'எஸ்தோய் கோமியெந்தோ'. அந்த 'எஸ்தோய்' வேறு யாருமில்லை, நம்ம 'இருக்கேன்'!

நாளைய பயணத்துக்கு இங்கிலீஷில் 'ஐ ஆம் கோயிங் டுமாரோ' சரி. ஸ்பானிஷில் அந்த 'இங்' செல்லாது. 'மான்யானா வோய்', நாளைக்குப் போறேன், அவ்வளவுதான். 'நாளைக்குப் போயிட்டிருக்கேன்' என்று யாராவது சொன்னால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் அவர்களும் பார்ப்பார்கள். நாற்காலியில் இருப்பவர்கூட 'எஸ்தா சென்தாதோ'. அட்சரம் பிசகாமல் 'உட்கார்ந்திருக்கார்'. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஓர் இடத்தில் மட்டும் உஷார். மாட்ரிடில் வருங்கால மாமனார் 'எங்கே ஜாகை?' என்று கேட்டால் 'பீபோ என் மத்ரித்' என்று சொல்லுங்கள். இலக்கணப் புலமையைக் காட்ட 'எஸ்தோய் பிபியெந்தோ' என்று நீட்டினால் 'இப்போதைக்கு இங்கே, அப்புறம் எங்கேயோ' என்ற தொனி வந்துவிடும். மனிதர் காபியோடு உள்ளே போய்விடுவார், பெண்ணையும் கூப்பிட்டுக்கொண்டு.