தோண்டியவர் பிள்ளைகள் நிலவியல் படிக்கட்டும்

பி.யு.சி. தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் பெங்களூரிலும் தங்கவயலிலும் உள்ள தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். எஞ்சினியரிங் சேர்ப்பதா, இல்லை பி.காம். போதுமா? ஆலைத் தொழிலாளியானாலும் சரி, ஆபீஸ் குமாஸ்தாவானாலும் சரி, கடன் வாங்கியாவது பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்துவிடத் துடிக்கிறார்கள். பெற்றவர்களின் ஆசையில் தவறில்லை. ஆனால் ஊரே ஒரு வாசலில் முண்டியடிக்கும்போது, பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்திருப்பதைச் சொல்ல ஆளில்லாமல் போவதுதான் குறை.

அந்த வாசல் நிலவியல். பெயரைக் கேட்டதும், பள்ளியில் படித்த பூகோளம்தானே என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். பூகோளம் வேறு, நிலவியல் வேறு. பாறை எப்படி உண்டாயிற்று, அதில் உலோகம் எங்கே படிந்திருக்கிறது, நிலத்தடி நீர் எந்த வெடிப்பு வழியாக ஓடுகிறது, மலை ஏன் சரிகிறது, பூமி ஏன் அதிர்கிறது என்பவற்றை ஆராயும் படிப்பு இது.

இந்தப் படிப்பின் அருமை மற்ற எவரையும் விடத் தங்கவயல் தமிழருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றியது முதல், 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. ஏறத்தாழ 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. பாறை வெடித்துச் செத்தவர்களும், பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டவர்களும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

தோண்டியவன் தமிழன். எங்கே தோண்டுவது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தவர்கள் கம்பெனி காலத்தில் வெள்ளைக்கார நிபுணர்கள். ஆழச் சுரங்கத்தில் பாறை ஏன் வெடிக்கிறது என்பது போன்ற ஆராய்ச்சிக்காக 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. அந்த அறிவுக்கு உயிரை விலையாகக் கொடுத்த குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் அந்த அறிவைப் படிக்கப் போனார்கள்? சுரங்கம் மூடிய பின், மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு அன்றாடக் கூலிக்கு வரும் கூட்டமே இதற்குப் பதில்.

தமிழனுக்கு இந்தத் துறை எட்டாக்கனி என்று சொல்வதற்கில்லை. 1851இல் நிலக்கரி தேடுவதற்காகத் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு, ஒரு நூற்றாண்டு வெள்ளைக்காரர் தலைமைக்குப் பின், 1951இல் தலைவராக அமர்ந்த முதல் இந்தியர் தஞ்சை மண்ணின் எம்.எஸ். கிருஷ்ணன். அவர் எழுதிய இந்திய நிலவியல் நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது.

சரி, படித்தால் சோறு போடுமா? அதுதானே பெற்றவர் கேள்வி. எம்.எஸ்ஸி. நிலவியல் முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வை எழுதலாம். நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 32. பிற்பட்டோருக்கு 3 ஆண்டும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டும் சலுகை உண்டு. எண்ணெய், நிலக்கரி, இரும்புத் தாதுத் துறைகளில் உள்ள பொதுத்துறை நிறுவனங்களுக்கும் நிலவியலாளர் தேவை. அணை, மெட்ரோ சுரங்கப்பாதை, மலை ரயில் என எதைக் கட்டினாலும் முதலில் பாறையைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல மாநில அரசு வேலைகளுக்கு மாநில மொழியும், சிலவற்றுக்கு இருப்பிடச் சான்றும் வேண்டும். மேற்சொன்ன மத்தியத் தேர்வில் எந்த மாநிலத்தான் என்ற கேள்வி எழுவதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

தேவையும் வளர்ந்து வருகிறது. 2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தது. அந்நகரின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த அடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும் மட்டுமே அங்கே நீர் தங்கும். இதை அறியாமல் தேங்காயை உருட்டியும் குச்சியைப் பிடித்தும் ஆயிரம் அடி போர் போட்டுப் பணத்தைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்! அதே ஆண்டு ஜூலை 30இல் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களையே புதைத்தது. எந்தச் சரிவு ஆபத்தானது என்று வரைபடம் போடுவதும், அந்த எச்சரிக்கைக்குச் செவிசாய்க்க வைப்பதும் இனி தள்ளிப்போட முடியாத வேலைகள்.

ஆயினும் ஒளிவுமறைவின்றிச் சில கசப்புகளையும் சொல்லியாக வேண்டும். பி.எஸ்ஸி. மட்டும் போதாது, எம்.எஸ்ஸி. அவசியம். யு.பி.எஸ்.சி. தேர்வில் சில ஆண்டுகளில் நூறு இடம்கூட இருப்பதில்லை. விடைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வேலை கிடைத்தாலும் காடு மேடு அலைய வேண்டும். ஆண்டில் பல மாதம் வீட்டை விட்டுக் கூடாரத்தில் கிடக்க நேரும். மின்விசிறிக்கடியில் உட்காரும் உத்தியோகம் வேண்டுவோர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பெண் பிள்ளைக்கு இது ஆகாது என்ற எண்ணமும் மாற வேண்டும். சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்ய 1952 சட்டம் தடை போட்டிருந்தது. 2019இல் மத்திய அரசு சில நிபந்தனைகளுடன் அதைத் தளர்த்திவிட்டது.

படிக்க இடம் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பெங்களூர், மைசூர்ப் பல்கலைக்கழகங்களில் இத்துறை உண்டு. பம்பாய்த் தமிழருக்கு செயின்ட் சேவியர் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. சேர ‘ஜாம்’ தேர்வு எழுத வேண்டும். அரசுக் கல்லூரிக் கட்டணம், தனியார் எஞ்சினியரிங் கல்லூரிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்குதான்.

வெளிமாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடுகின்றன. அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு நாள் இத்துறையில் பணியாற்றும் தமிழர்களை அழைத்து மாணவர்களுடன் பேச வைக்கலாம். ஏழைப் பிள்ளைகள் இரண்டு பேரின் எம்.எஸ்ஸி. செலவை ஏற்கலாம். பூமியைத் தோண்டிப் பிழைத்த சமூகம், அந்தப் பூமியைப் படித்தும் பிழைக்கட்டும். வழி காட்டுவது பெரியவர்கள் கடமை.