பானையை உடைத்தவருக்கும் அவர்தான் எம்.பி.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் விடுதலைச் சிறுத்தைகளின் சின்னமான பானையை நடுத்தெருவில் போட்டு உடைத்ததில் தொடங்கிய தகராறு, தலித் மக்களின் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்குவதில் போய் முடிந்தது. மறுவாக்குப்பதிவு கேட்டார்கள், நடக்கவில்லை. வாக்கு எண்ணிக்கையன்று இரவு வெகுநேரம் இழுத்தடித்து, 3,219 வாக்குகள் வித்தியாசத்தில் சிதம்பரம் தொகுதியில் தொல்.திருமாவளவன் வென்றார். அதே செந்துறை வட்டாரத்து அங்கனூர்தான் அவர் பிறந்த ஊர்.

அன்றிலிருந்து பானையை உடைத்தவர்களுக்கும் அவர்தான் எம்.பி.

வென்ற கையோடு அவருக்கு ஓர் அறிவுரை வந்துவிட்டது. இனிமேல் எல்லோருக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும், சொந்தக் கொள்கையைக் கட்சி மேடையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரியலூரிலும் பெரம்பலூரிலும் வேலை செய்யும் எங்களுக்கு இந்தப் 'பொது' என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் உஷாராகிவிடும். ஊர்ப் பொதுக்குளம், ஊர்ப் பொதுக்கோயில், ஊர்ப் பொதுப்பாதை என்று சொல்லப்படும் எதிலெல்லாம் சேரிக்கு இடமில்லை என்பதை ஒவ்வொரு மனுவிலும் எழுதி எழுதிக் கை வலித்தவர்கள் நாங்கள். சாதிச் சங்கத்தின் பலத்தில் வென்று, வென்ற பிறகும் சங்கத்தின் மாநாட்டு மேடையில் உட்காரும் பொதுத்தொகுதி உறுப்பினரிடம் "பொதுவானவராக இருங்கள்" என்று யாராவது சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தனித்தொகுதிக்காரருக்கு மட்டும்தான் அந்தப் பாடம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. சிதம்பரம் தொகுதியில் குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். இந்த ஆறில் காட்டுமன்னார்கோவில் மட்டுமே தனி. நிற்பவர் தலித்தாக இருக்க வேண்டும், ஆனால் அவர் வெல்வதா தோற்பதா என்பதைப் பெரும்பாலும் மற்றவர்களின் வாக்குதான் முடிவு செய்யும். 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தம் நமக்குத் தந்த ஏற்பாடு இது. அம்பேத்கர் கேட்டது தலித் மக்களே தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி. கிடைத்தது ஒதுக்கீட்டு இடம். யாருக்காகப் பேச வேண்டுமோ அவர்களுடைய வாக்கு மட்டும் போதாது என்கிற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறோம்.

1938-ல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டு வந்தார். முதல்வராக இருந்த ராஜாஜி அதை ஆதரிக்க மறுத்தார். காங்கிரஸ் கட்சியில் இருந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர்களே அதை எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் கோயிலுக்குள் போக ஆசையில்லாதவர் ஒருவராவது இருந்திருப்பாரா? கட்சி ஒரு பக்கம், வாக்களித்த சாதி இந்துக்கள் ஒரு பக்கம். சொந்த நம்பிக்கை மூன்றாவதாக வரிசையில் நின்றது.

கட்சிச் சின்னம் இன்னொரு முடிச்சு. 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, யாருடைய சின்னத்தில் வென்றாரோ அந்தக் கட்சியின் கொறடா உத்தரவுக்கு உறுப்பினர் கட்டுப்பட்டவர். 2001-ல் உதயசூரியன் சின்னத்தில் மங்களூரில் வென்ற திருமா, தி.மு.க.வோடு முரண்பட்டபோது 2004-ல் சட்டமன்றப் பதவியிலிருந்து விலகினார். பின்னாளில் பானைச் சின்னத்துக்காக அந்தக் கட்சி பிடித்த பிடிவாதத்தை வெறும் கௌரவப் பிரச்சினை என்று எழுதிய அரசியல் விமர்சகர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, அவர் என்னதான் செய்ய வேண்டும்? எங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது, எங்கள் தோழர்கள் எல்லோருக்கும் அது உடன்பாடில்லை. கோயில் திருவிழாவுக்கு அழைத்தால் போகிறார், திருநீறு பூசினால் நெற்றியைக் காட்டுகிறார் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அது போகட்டும் என்கிறோம். கடவுள் உண்டா இல்லையா என்பது அவருடைய சொந்த விஷயம், அழைத்தவர் வீட்டு மரியாதை வாக்காளருக்குச் சேர வேண்டியது. மருத்துவ உதவிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர் பொன்பரப்பியில் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்கக் கூடாது, கடிதம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியில் 15 சதவீதம் ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு என்று விதி சொல்கிறது. அதைக் குறையாமல் போட்டுவிட்டு, மீதியை எந்தத் தெருவுக்குத் தேவையோ அங்கே போடட்டும், அது பானையை உடைத்தவர் தெருவாகவே இருந்தாலும்.

ஆனால் சாதி ஒழிப்பைத் திருநீறோடு சேர்த்து 'சொந்த நம்பிக்கை' என்ற மூட்டையில் கட்டுவதை ஒப்புக்கொள்ள முடியாது. உறுப்பினர் உறுதிமொழி எடுப்பது அரசமைப்புச் சட்டத்தின் மீது. அதன் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. தொகுதியில் பாதிப்பேருக்கு அது பிடிக்காவிட்டாலும் அவர் அதற்குக் கட்டுப்பட்டவர். 2020-ல் மனுஸ்மிருதி பெண்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று திருமா பேசியதற்கு வழக்குப் போட்டார்கள். 2022-ல் சூத்திரர் பற்றி அதே நூலை வைத்துப் பேசிய ஆ.ராசாவை எதிர்த்து ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ராசாவும் நம் பெரம்பலூர்க்காரர்தான். பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி பொதுவானதும் 2009-ல் நீலகிரி தனித்தொகுதிக்குப் போனார். இருவரிடமும் சொல்லப்பட்டது ஒன்றுதான்: எம்.பி. இதையெல்லாம் பேசலாமா? அம்பேத்கர் அமைச்சராக இருந்துகொண்டே இந்துச் சட்டத் தொகுப்புக்காக வாதாடினார். அது கைவிடப்பட்டபோது, 1951 செப்டம்பரில் பதவியை விட்டார். மறு ஆண்டே வடக்கு பம்பாயில் தோற்றும் போனார். அந்த விலை இன்றும் மாறவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

தெரிந்தும் நாங்கள் ஒரு தவறு செய்தோம். எங்கள் பகுதியில் ஓர் ஊராட்சி, தனி ஒதுக்கீடு. 2019 டிசம்பர் தேர்தலில் வென்ற தலைவர் எங்களோடு பல கூட்டங்களுக்கு வந்தவர். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு நாங்கள் ஆர்ப்பாட்டம் அறிவித்தபோது அவர் வரவில்லை. "பதவி வந்ததும் மாறிட்டார்" என்று அவர் காதுபடவே பேசினோம். இரண்டு நாள் கழித்து அவரே வந்தார்.

"தம்பி, நீங்க கோஷம் போட்டுட்டு ராத்திரி பஸ் ஏறிடுவீங்க. நான் காலையில அந்தத் தெருவுலதான் பால் வாங்கணும். அது கூடப் பரவாயில்ல. செக்குல என் கையெழுத்து மட்டும் போதுமா?"

ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. அங்கே துணைத் தலைவர் ஊர்த்தெருக்காரர். நாலு மாதமாகக் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்திருக்கிறார். துப்புரவுப் பணியாளர் சம்பளம், மோட்டார் பழுது எல்லாம் நின்றுபோனது. சேரிக்கும் தண்ணீர் வரவில்லை. பாதையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் மோட்டார் ஓடும் என்பதுதான் பேரம். அவர் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தார். அது கோழைத்தனம் என்று நாங்கள் பேசியது தவறு. ஆனால் அவர் செய்தது சரி என்றும் சொல்ல முடியவில்லை. இன்றும் பிணத்தை வயல் வரப்பில்தான் தூக்கிப் போகிறார்கள்.

அவர்மேல் கோபப்பட்ட நேரத்தில் நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை வேறு. தலைவர் பதவிக்கு மட்டும் ராப்பகலாக உழைத்தோம். வார்டுகளில் யார் நிற்கிறார்கள், அவர்களில் யார் நமக்குக் கையெழுத்துப் போடுவார் என்று பார்க்கவே இல்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. பாதைக்கான மனுவும் அங்கே போனது. அடுத்த தேர்தலில் நிற்பீர்களா என்று அவரிடம் கேட்டோம்.

"நிக்கிறேன். துணைத் தலைவருக்கு யாருன்னு முதல்ல சொல்லுங்க."