டி.வி.டி. ஓடவில்லையா? உடனே அபராதமா?

"தட்டில் கீறல் விழுந்திருக்கு சார். அபராதம் கட்டுங்க!"

நகரத்து நூலகம் ஒன்றில் சென்ற வாரம் என் காதில் விழுந்த பேச்சு இது.

எதிரே நின்றவர் ஒரு குமாஸ்தா. மகளுக்காக டி.வி.டி. எடுத்துப் போனாராம். வீட்டு பிளேயரில் ஓடவில்லை. திருப்பிக் கொடுக்க வந்தார். மாட்டிக்கொண்டார்!

"ஒரே தடவைதான் சார் போட்டேன்" என்று கெஞ்சினார். யார் கேட்கிறார்கள்? பணத்தைக் கட்டிவிட்டு, முகம் வாடிப் போனார்.

மேஜை மேல் கிடந்த தட்டை எடுத்துப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு கீறல். அவ்வளவுதான். சின்னக் கீறலைச் சமாளித்துக்கொள்ளும் ஏற்பாடு டி.வி.டி.யிலேயே உண்டு.

உறையைத் திருப்பினேன். சின்ன உலக உருண்டைப் படம். அதற்குள் "1" என்ற எண். விஷயம் புரிந்துவிட்டது! வெளியே ஓடினேன். அதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார்.

மண்டல எண்

டி.வி.டி. படங்களுக்கு மண்டல எண் உண்டு. அமெரிக்கா, கனடாவுக்கு 1. இந்தியாவுக்கு 5. ஐந்தாம் எண்ணுக்குப் பூட்டிய பிளேயர், ஒன்றாம் எண் தட்டைத் தொடாது.

கம்ப்யூட்டர் டிரைவில் இந்த எண்ணை மாற்றலாம். ஆனால் 5 தடவைதான். அப்புறம் பூட்டிக்கொள்ளும். நூலகத்துப் பொதுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு தடவை மாற்றினால் என்ன கதி?

இன்னும் சில காரணங்கள்

புளூ-ரே தட்டு பார்க்க டி.வி.டி. மாதிரியே இருக்கும். டி.வி.டி. பிளேயரில் ஓடாது.

வீட்டில் பதிவு செய்து "பைனலைஸ்" பண்ணாத தட்டு, பதிந்த மெஷினில் ஓடும். மற்றதில் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும்.

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், டி.வி.டி. படம் காட்டும் வசதி கூடவே வருவதில்லை. வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தீர்ந்தது.

தூசி, கைரேகையா? மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

நூலகத்தாருக்கு ஒரு வார்த்தை!

உறை மேல் மண்டல எண்ணையும், தட்டின் வகையையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும்போதே இருவரும் வெளிச்சத்தில் தட்டைப் பாருங்கள். ஓடவில்லை என்று வந்தால், இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

பல்பு எரியாவிட்டால் வேறு ஹோல்டரில் மாட்டிப் பார்க்கிறோமே, அதே மாதிரிதான்!

அபராதம் அப்புறம். முதலில் அந்தக் குமாஸ்தாவின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்!